டைவிங் கேள்வி-பதில்: ஃபார்ம படிச்சுட்டு கையெழுத்து போடுங்க

கே: ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் எவ்ளோ நேரம் வரும்?

ப: ஆக்சிஜன் இல்லங்க, காத்து. எத்தன தடவ சொல்றது! நாம இப்ப இழுக்கற அதே காத்த அமுக்கி அடைச்சது. சுத்த ஆக்சிஜன 6 மீட்டருக்குக் கீழ இழுத்தா வலிப்பு வரலாம். மத்தபடி நேரம் ஆழத்த பொறுத்தது, 10 மீட்டர்ல ரெண்டு மடங்கு செலவாகும், 20ல மூணு மடங்கு. சிலிண்டர்ல மிச்சமிருக்கற அழுத்தத்த காட்டற கேஜ பாத்துக்கிட்டே இருங்க, 50 பார் (அழுத்த அளவு) மிச்சத்தோட மேல வந்துடணும்.

கே: அந்தமான் ஹேவ்லாக் தீவுல காலைல ரெண்டு டைவ், அன்னிக்கு சாயங்காலமே போர்ட் பிளேர்ல சென்னை ஃபிளைட். பரவால்லையா?

ப: கூடாது. டைவ் முடிஞ்சு ஃபிளைட் ஏற, ஒரே டைவ்னா குறைஞ்சது 12 மணி நேரம் விடணும், ரெண்டு மூணுன்னா 18. நான் ஒரு நாள் முழுசா விடுவேன். கடைசி நாள் மீன் வறுவல் சாப்டுட்டு கரைலயே இருங்க.

கே: ஓபன் வாட்டர்ங்கற ஆரம்ப கோர்ஸ் முடிச்சு 6 டைவ் ஆச்சு. மட்டக்களப்புல ஹெர்மிஸ் கப்பல பாக்க ஃபிரெண்ட் கூப்பிடறான்.

ப: 1942ல முங்கின கப்பல், கெடக்கறது 50 மீட்டருக்கும் கீழ. கோர்ஸ் முடிச்சு வாங்கின உங்க கார்டு 18 மீட்டர் வரைக்கும்தான். ஃபிரெண்டோட கார்டயும் ஒருதடவ வாங்கிப் பாருங்க.

கே: சின்ன வயசுல வீசிங் இருந்துச்சு, இப்பவும் எப்பவாவது இன்ஹேலர் அடிப்பேன். பாண்டில டைவ் புக் பண்ணிருக்கேன், மெடிக்கல் ஃபார்ம்ல 'இல்ல'னு போட்டுடலாமா? எல்லாரும் அப்படித்தான் போடறாங்களாம்.

ப: எல்லாரும் போடறாங்க, அதான் என் வயித்தெரிச்சலே. ஒரு தடவ படகுல ஒருத்தர் ஃபார்ம மடில வெச்சு, மேலேர்ந்து கீழ வரைக்கும் 'இல்ல' கட்டத்துல ஒரே இழுப்பா கோடு போட்டார், ஒரு வரி படிக்கல. பத்து நிமிஷம் கழிச்சு சன்ஸ்கிரீன் எடுக்க பைய தொறந்தார், நீல இன்ஹேலர் ஒண்ணு உருண்டு என் காலடில வந்து நின்னுச்சு. அவர இறக்கல, கரை சேர்ற வரைக்கும் என்னை திட்டிக்கிட்டே வந்தார், திட்டட்டும். 10 மீட்டர்ல இழுத்த காத்து மேல வர்றதுக்குள்ள ரெண்டு மடங்கா விரியும், மூச்சுக்குழாய் எங்கயாவது சுருங்கி அடைச்சிருந்தா அதுக்கு வெளிய போக வழி கிடையாது, நுரையீரல் கிழிஞ்சு குமிழி ரத்தத்துல ஏறி மூளைக்கே போகலாம். இதுக்கு நடுக்கடல் வேணாம், நீச்சல்குளம் போதும். 'எல்லாத்துக்கும் நோ போடுங்க சார், லேட் ஆகுது'னு பேனாவ நீட்டற ஆளுங்களும் இருக்காங்க, அந்தப் படகுல ஏறாதீங்க. 'ஆமா'னு போட்டா உடனே தொரத்திவிட மாட்டாங்க, டாக்டர் பாத்து கையெழுத்து போடணும், அவ்ளோதான். டெஸ்ட் பண்ணிப் பாத்து சிலருக்கு சரின்னும் சொல்றாங்க. மொதல்ல அவர பாருங்க, அப்புறம் புக் பண்ணுங்க.

கே: மூச்ச அடக்கி அடக்கி விட்டா காத்து மிச்சமாகுமே?

ப: மேல இருக்கற பதில திரும்பப் படிங்க. அடக்கவே கூடாது. ஏறும்போது நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல போகாம, 5 மீட்டர்ல 3 நிமிஷம் நின்னு வாங்க.

கே: லேசா சளி, மாத்திர போட்டு இறங்கலாமா?

ப: கீழ இருக்கும்போது மாத்திர வேகம் தீந்தா ஏறும்போது காது அடைச்சுக்கும். வேணாம்.

கே: எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரு டைவ் கம்ப்யூட்டர் போதும்ல?

ப: போதாது. உடம்புல ஏறற நைட்ரஜன ஆழம், நேரம் வெச்சு கணக்கு போடற மெஷின் அது. உங்க உடம்புல ஏறின நைட்ரஜன் அவர் கைல கட்டிருக்கற மெஷினுக்கு எப்படிங்க தெரியும்?

கே: டைவிங் சேஃப்டி பத்தி எல்லாம் சொல்லுங்க.

ப: எல்லாம்னா அதுக்கு மூணு நாலு நாள் கோர்ஸ் இருக்கு. காசு கட்டி சேருங்க.