போட்டி இருந்தும் புதுசு ஏன் வரவில்லை? சேலத்துத் தொழில்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

இளம்பிள்ளை, விசைத்தறி: அண்ணா, மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு பார்டர் டிசைன் போட்டேன். பத்தே நாளில் பக்கத்துத் தெருவில் அதே சேலை, நூறு ரூபாய் குறைவாக. போட்டி இருந்தால் புதுமை வளரும் என்கிறார்களே?

பதில்: படிக்கவே வருத்தமாக இருக்கிறது தம்பி. போட்டி ஒரு கையால் புதுசு செய்யச் சொல்லித் தள்ளும்; அதில் வரும் லாபத்தை மறு கையால் பிடுங்கும். பொருளாதார அறிஞர் பிலிப் அகியோனும் உடன் நான்கு பேரும் 2005-ல் பிரிட்டன் நிறுவனங்களை வைத்து இதைக் காட்டினார்கள். போட்டி கூடக் கூடப் புதுமை ஏறுகிறது, ஒரு கட்டத்துக்கு அப்புறம் இறங்குகிறது. (அகியோனுக்கு 2025-ல் பொருளாதார நோபல் கிடைத்தது.) நம் ஊரில் உழைப்பைக் காக்கும் வேலி பலவீனம். அதனால் அந்த இறக்கம் இங்கே சீக்கிரமே வந்துவிடுகிறது என்று நினைக்கிறேன்.

வேலியே இல்லை என்று சொல்ல மாட்டேன். வடிவமைப்புச் சட்டம், 2000-இன்படி பதிந்தால் 10 வருடம், நீட்டித்தால் இன்னும் 5. ஆனால் சேலை கடைக்குப் போகும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். விற்ற பிறகு போனால் அது புதிய டிசைனாகவே கணக்கில் வராது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். மீறினால் மாவட்ட நீதிமன்றம் போகலாம். காப்பி அடித்தவர் தர வேண்டியதாகச் சட்டத்தில் குறித்த தொகை ஒரு டிசைனுக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய். இல்லையென்றால் நஷ்டஈட்டு வழக்கு போட வேண்டும். தீபாவளிக்கு ஓடுகிற சேலைக்கு இதெல்லாம் எட்டாது. வருடக்கணக்கில் ஓடும் என்று தோன்றுவதை மட்டும் பதியுங்கள். மற்றவற்றைச் சின்னச் சின்னத் தொகுதியாக இறக்குங்கள். காப்பி அடிப்பவர் எது ஓடுகிறது என்று பார்த்துத்தான் எடுப்பார். அவர் பாவு ஏற்றுவதற்குள் உங்கள் அடுத்த டிசைன் தறியில் இருக்க வேண்டும்.

ஆத்தூர், சேகோ ஆலை: நாங்கள் கலப்படம் இல்லாமல் செய்கிறோம். வெளுப்பு போட்ட ஜவ்வரிசிதான் விலை போகிறது.

பதில்: வாங்குபவர் கண்ணுக்கு வெண்மைதான் தெரியும், சுத்தம் தெரியாது. சோதனை தளர்ந்த சந்தையில் போட்டி முழுக்க வெண்மையில்தான் நடக்கும். நல்ல சரக்குக்கு விலை வர, தரத்தை வேறு யாராவது உறுதி சொல்ல வேண்டும். 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் மாதிரிக் கூட்டுறவால்தான் அது முடியும். சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. உங்கள் சங்கத்தில் இதைக் கேளுங்கள். தனி ஆலையால் தாங்க முடியாத சண்டை இது.

ஏற்காடு, கல்லூரி மாணவி: அப்படியானால் போட்டியே வேண்டாமா சார்?

பதில்: வேண்டும்மா. அரசு அனுமதி இருந்தால்தான் ஆலை தொடங்கலாம் என்றிருந்த லைசென்ஸ் காலத்தில் போட்டியை அடைத்து வைத்துப் பார்த்தாயிற்று. அம்பாசிடர் கார் 2014 வரை ஏறக்குறைய அதே உருவத்தில்தான் வந்தது.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை: புது மெஷின் வாங்க ஆசைதான் ஐயா. சரக்கு எடுத்தவர் ஆறு மாதமாகப் பணம் தரவில்லை.

பதில்: கையில் காசு சுழலாமல் யாரும் புதுசாக எதையும் செய்து பார்க்க முடியாது. 2006-ஆம் வருட குறு, சிறு தொழில் சட்டப்படி அதிகபட்சம் 45 நாளுக்குள் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆர்டர் போய்விடுமோ என்ற பயத்தில்தான் யாரும் புகார் கொடுப்பதில்லை. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. முதலில் உத்யம் பதிவை, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவை, முடித்துவிடுங்கள். சரக்கு அனுப்பும் முன்பே அது இருப்பது நல்லது. பில் போடாமல் ஒரு ஜோடி கொலுசுகூட வெளியே போகக் கூடாது. அதே வியாபாரியிடம் மாட்டியிருக்கும் மற்ற பட்டறைக்காரர்களோடு சேர்ந்து போய்க் கேளுங்கள்.