அழுத கண்ணீர் ஜீனில் பதியுமா?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் எபிஜெனெடிக்ஸ் (டி.என்.ஏ.வின் எழுத்து மாறாமலே ஜீன்களின் வேலை மாறுவதைப் படிக்கும் துறை) பற்றிய பதிலில், "வாழ்க்கையில் படும் நெருக்கடி ஜீன்களின் மேல் அடையாளம் வைக்கிறது" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரி பலருடைய தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது என்பது வந்த கடிதங்களைப் படித்ததும் புரிந்தது. இருபது வருஷத்துக்கு மேல் இந்த அடையாளங்களைச் சோதனைக்கூடத்தில் அளந்தவள் நான். அதை இன்னும் கவனமாகச் சொல்லியிருக்க வேண்டும். இந்த முறை அதற்கே இடம் ஒதுக்குகிறேன்.

*கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தபோது என் கணவர் திடீரென்று இறந்துவிட்டார். பிரசவம் வரை நான் அழாத நாள் இல்லை. மகளுக்கு இப்போது 9 வயது. சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுகிறாள், ராத்திரியில் என்னை விட்டு நகரமாட்டாள். தாயின் துக்கம் குழந்தையின் ஜீனில் பதியும் என்று படித்ததிலிருந்து அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. நான்தான் அவளுக்கு இதைக் கொடுத்தேனா?*
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

இல்லை அம்மா. முதலில் இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

டி.என்.ஏ.வில் நான்கு எழுத்துகள் இருக்கின்றன. அவற்றில் சைட்டோசின் என்ற எழுத்தின் மேல் சில இடங்களில் மெத்தில் என்ற சின்னஞ்சிறு வேதிக்குழு ஒட்டிக்கொள்ளும். எழுத்து மாறாது. ஆனால் அந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யும் என்பது மாறலாம். பொதுவாக, ஒரு ஜீனின் தொடக்கப் பகுதியில் மெத்தில் அதிகமானால் அந்த ஜீன் அடங்கிவிடும். எபிஜெனெடிக்ஸ் என்பதில் இது ஒரு பகுதி. நெருக்கடிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பது உண்மைதான். அந்தத் தொடர்பு எப்படிப்பட்டது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அடிக்கடி சொல்லப்படும் உதாரணம் நெதர்லாந்துப் பஞ்சம். 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானிய முற்றுகையால் மேற்குப் பகுதியில் ஒருவருக்குக் கிடைத்த ஒரு நாள் உணவு 1,000 கலோரிக்கும் கீழே போனது. அந்தப் பஞ்சத்தில் கருவானவர்களை, ஏறத்தாழ அறுபது வருஷம் கழித்து, பஞ்சத்துக்கு ஆளாகாத அவர்களுடைய உடன்பிறப்புகளோடு ஒப்பிட்டார்கள். வளர்ச்சியோடு தொடர்புடைய ஐ.ஜி.எஃப்.2 என்ற ஜீனின் மேல் மெத்தில் கொஞ்சம் குறைவாக இருந்தது. 2008-இல் வெளியான அந்த ஆய்வைப் படித்த அன்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, அது பட்டினி. தாயின் உடலில் சத்தே இல்லாத நிலை. இன்னொன்று, கருவான சமயத்தில் பஞ்சம் தாக்கியவர்களிடம்தான் அந்த வித்தியாசம் தெரிந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பஞ்சத்தைச் சந்தித்தவர்களின் பிள்ளைகளிடம் அது தெரியவில்லை.

உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு கனடாவில் நடந்தது. 1998 ஜனவரியில் கியூபெக் மாகாணத்தில் பனிமழை கொட்டி மின்கம்பிகள் அறுந்தன. சில வீடுகளில் ஒரு மாதத்துக்கு மேல் மின்சாரம் இல்லை, கடுங்குளிர் வேறு. அப்போது கர்ப்பமாக இருந்தவர்களையும், அந்தச் சமயத்தில் கருவுற்றவர்களையும், பிறகு அவர்களுடைய பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்தார்கள். பிள்ளைகளுக்கு 13 வயது ஆனபோது இரத்த அணுக்களில் மெத்திலை அளந்தார்கள். எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தார்கள் என்பது போன்ற வெளிக்கஷ்டத்தோடு மெத்தில் மாற்றத்துக்குத் தொடர்பு தெரிந்தது. தாய் மனசளவில் எவ்வளவு கலங்கினாள் என்பதோடு தெரியவில்லை. சிறிய ஆய்வுதான், 36 பிள்ளைகள். அதை வைத்துச் சட்டம் எழுத முடியாது. ஆனால் "நீ அழுதாய், அதனால் குழந்தை கெட்டது" என்று உங்களிடம் யாராவது சொன்னால், இந்த ஆய்வு அவர்களுக்குத் துணை நிற்காது.

இன்னொன்றும் உண்டு. துக்கத்தில் உடல் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது அப்படியே குழந்தைக்குப் போய்விடுவதில்லை. நஞ்சுக்கொடியில் ஒரு நொதி உட்கார்ந்துகொண்டு, வருகிற கார்ட்டிசாலில் பெரும்பகுதியை வேலை செய்யாத பொருளாக மாற்றிவிடுகிறது. கொஞ்சம் தாண்டிப் போகும்தான். ஆனால் நீங்கள் அழுத நாள்களிலும் உங்கள் உடல் அவளுக்காகக் காவல் இருந்தது.

அப்புறம் எலிகள். மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனியும் மோஷே ஷிஃபும் செய்த ஆய்வு, 2004-இல் வெளியானது. சில தாய் எலிகள் குட்டிகளை நிறைய நக்கும், சில அவ்வளவாக நக்காது. ஒரு கூண்டின் முன் உட்கார்ந்து நானும் இதைப் பார்த்திருக்கிறேன். தாய் முதுகை வில்லாக வளைத்து நிற்கும். அடியில் முடி முளைக்காத இளஞ்சிவப்புக் குட்டிகள் நெளியும். ஒவ்வொன்றாகத் தலையிலிருந்து வால் வரை நக்கிக்கொண்டே போகும். ஒன்றை விட்டுவிட்டால் திரும்பி வரும். அப்படி நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்த பிறகு பதற்றம் வந்தாலும் சீக்கிரம் அடங்கின. அவற்றின் மூளையில் கார்ட்டிசால் வகை ஹார்மோன்களை உணரும் ஜீனின் மேல் மெத்தில் குறைவாக இருந்தது. அந்த வித்தியாசம் பிறந்த பிறகு, முதல் வாரத்துக்குள் உருவாகிறது. அதிகம் நக்காத தாய்க்குப் பிறந்த குட்டியை நன்றாக நக்கும் தாயிடம் விட்டால், வளர்த்த தாயின் குட்டிகளைப் போலவே அதன் மெத்திலும் அமைந்தது.

எலியை வைத்து மனிதரை அப்படியே அளக்கக் கூடாது. ஆனாலும், பிறந்த பிறகு கிடைக்கும் அரவணைப்பு உடலுக்குள் எவ்வளவு ஆழம் போகும் என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் பார்த்ததில்லை. உங்கள் மகள் ராத்திரியில் உங்களை விட்டு நகரமாட்டேன் என்கிறாள். அப்பாவைப் பார்க்காமலே வளர்ந்த குழந்தை, இருக்கிற ஒரே ஆளை இறுகப் பிடித்துக்கொள்வதற்கு ஜீனில் காரணம் தேட வேண்டுமா? அவளைக் குழந்தைகள் மனநல ஆலோசகர் ஒருவரிடம் அழைத்துப் போங்கள். உங்கள் துக்கத்தையும் அங்கே சொல்லுங்கள். அவள் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தாதீர்கள், தயவுசெய்து.

*கேள்வி: பெற்றோர் பட்ட அனுபவம் பிள்ளைகளுக்குப் போகிறது என்றால் டார்வின் தவறு, லாமார்க் சரி என்று ஆகாதா? எங்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம்.*
(முதுகலை உயிரியல் மாணவர்)

அப்படி ஆகாது தம்பி. வாழ்நாளில் பெற்ற மாற்றம் பிள்ளைகளுக்குப் போகும் என்றவர் லாமார்க். பாலூட்டிகளில் இந்த மெத்தில் அடையாளங்கள் இரண்டு முறை பெருமளவு அழிக்கப்படுகின்றன. கருமுட்டையும் விந்தணுவும் உருவாகப்போகும் செல்களில் ஒரு முறை, கருத்தரித்த சில நாள்களில் இன்னொரு முறை. தப்பிப் பிழைப்பவை உண்டு, ஆனால் சொற்பம். தாவரங்களில் கதை வேறு. லினாரியா என்ற செடியில் பூவின் வடிவமே மாறிய ஒரு வகையை 1740களில் லின்னேயஸ் விவரித்தார். அதற்குக் காரணம் எழுத்து மாற்றம் இல்லை, ஒரு ஜீன் மேல் ஏறிய மெத்தில்தான், அது தலைமுறை தாண்டியும் போகிறது என்று 1999-இல் கண்டுபிடித்தார்கள். மனிதரில் அதற்கு நிகரான உறுதியான சான்று இல்லை. ஒரு கணக்கையும் நினைவில் வையுங்கள். கர்ப்பிணி பட்டினி கிடந்தால், அவளும், கருவும், அந்தக் கருவுக்குள் உருவாகும் இனச்செல்களும் (பிற்காலத்தில் கருமுட்டையோ விந்தணுவோ ஆகப்போகும் செல்கள்) அந்தப் பட்டினியை நேரடியாகவே சந்திக்கின்றன. அதாவது மூன்று தலைமுறை. ஆகவே கொள்ளுப்பேரனிடம் பார்த்தால்தான் பரம்பரை என்று பேசவே முடியும்.

ஆனால் மெத்திலுக்கும் பரிணாமத்துக்கும் வேறொரு உறவு இருக்கிறது. உங்கள் வாக்குவாதத்துக்கு அதைக் கொண்டு போங்கள். சைட்டோசின் சில சமயம் தானாகவே வேதிமாற்றம் அடைந்து வேறொன்றாகிவிடும். அதைத் தேய்வது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண சைட்டோசின் தேய்ந்தால் யுராசில் ஆகும். டி.என்.ஏ.வில் யுராசிலுக்கு இடமே இல்லை என்பதால், பழுதுபார்க்கும் நொதிகள் சட்டென்று கண்டுபிடித்துத் திருத்திவிடும். மெத்தில் ஏறிய சைட்டோசின் தேய்ந்தால் தைமின் ஆகும். தைமினோ நான்கு எழுத்துகளில் ஒன்று, பார்த்தால் சந்தேகமே வராது. அதனால் பல சமயம் அந்தத் தவறு தங்கிவிடுகிறது. இது இனச்செல்களில் லட்சக்கணக்கான தலைமுறைகளாக நடந்ததன் விளைவை நம் ஜீனோமிலேயே பார்க்கலாம். சைட்டோசினுக்கு அடுத்து குவானின் வரும் இடங்கள்தான் மெத்தில் ஒட்டும் இடங்கள். அவை இருக்க வேண்டிய எண்ணிக்கையில் ஐந்தில் ஒரு பங்குதான் இன்று மிச்சம். ஜீன்களின் தொடக்கத்தில், மெத்தில் படாத தீவுகளில், அவை இன்னும் அடர்த்தியாக இருக்கின்றன.

இதே தேய்மானத்தை வைத்துத்தான் நியாண்டர்தால் மனிதரின் மெத்திலைப் படித்தார்கள். பல்லாயிரம் வருஷம் மண்ணில் கிடந்த எலும்பில் மெத்தில் நேரடியாக அளக்கும் நிலையில் இருக்காது. ஆனால் எங்கே தைமினாகத் தேய்ந்திருக்கிறது, எங்கே யுராசிலாகத் தேய்ந்திருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் அது எங்கே ஒட்டியிருந்தது என்று தெரிந்துவிடும். ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகக் குழு இப்படி நியாண்டர்தால், டெனிசோவன் என்ற அழிந்துபோன இரண்டு மனித இனங்களின் மெத்தில் வரைபடத்தை 2014-இல் வெளியிட்டது. ஏறத்தாழ 2,000 இடங்களில் நம்மோடு வித்தியாசம். கை கால் வளர்ச்சியை நடத்தும் ஹாக்ஸ்-டி ஜீன்கள் அவற்றில் முக்கியமானவை. அழிந்ததின் தடத்தை வைத்தே இருந்ததைப் படித்த அந்த யோசனையை நினைத்தால் இன்றும் எனக்கு உற்சாகம் பொங்குகிறது.

*கேள்வி: மேலதிகாரியின் கொடுமையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். இப்போது விட்டுவிட்டேன். அது உடலில் ஏற்படுத்திய சேதம் நிரந்தரமா?*
(வேலையை விட்டவர்)

ரீசஸ் குரங்குகளில் இதை நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். 45 பெண் குரங்குகளை ஐந்தைந்தாகச் சேர்த்தார்கள். கூட்டத்துக்குள் முதலில் விடப்பட்டது மேல்நிலைக்கும் கடைசியில் வந்தது கீழ்நிலைக்கும் போய்விடும். கீழே இருந்தவற்றின் எதிர்ப்பணுக்களில், கிருமியின் அடையாளம் பட்டதும், அழற்சி ஜீன்கள் அதிகமாக எகிறின. பிறகு கூட்டங்களைக் கலைத்து வேறு வரிசையில் சேர்த்தபோது, ஜீன்களின் நடத்தை பெருமளவு புதிய நிலையைத் தொடர்ந்தது. 2016-இல் வந்த ஆய்வு இது.

மேலே இருப்பதும் சும்மா கிடைப்பதில்லை. கென்யாவின் அம்போசெலியில் 1971 முதல் கவனிக்கப்படும் பபூன் குரங்குகளில், தலைமைக்கு வந்த ஆண்களின் மெத்திலை வைத்துக் கணக்கிட்ட வயது அவற்றின் உண்மையான வயதை மீறி ஓடுகிறது என்று 2021-இல் காட்டினார்கள். பதவி இறங்கினால் அந்த ஓட்டமும் குறைகிறது.

பழைய தடம் முழுக்க மறைந்துவிடும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் கலைத்துச் சேர்த்த கூட்டத்தில் குரங்கின் உடல் மாறியது. நீங்கள் கூட்டத்தை விட்டே வெளியே வந்துவிட்டீர்கள்.

*கேள்வி: எச்சிலை அனுப்பினால் உடலின் "உண்மையான வயது" சொல்லும் மெத்தில் பரிசோதனை எடுக்கலாமா? என் மன அழுத்தம் எவ்வளவு பாதித்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை.*
(47 வயது வாசகர்)

வேண்டாம். ஸ்டீவ் ஹார்வத் என்ற விஞ்ஞானி 2013-இல் 353 மெத்தில் இடங்களை வைத்து உருவாக்கிய, வயதைக் கணிக்கும் கடிகாரமும், அதன்பின் வந்தவையும், ஆயிரக்கணக்கானவர்களை ஒப்பிடும்போது அருமையான கருவிகள். ஒரே ஆளுக்கு வைத்துப் பார்த்தால் தடுமாறும். ஒரே மாதிரியை இரண்டு முறை அளந்தாலே சில கடிகாரங்களில் 9 வருஷம் வரை வித்தியாசம் வந்திருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்து அவசர அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட முதியவர்களின் "வயது" ஏறி, ஒரு வாரத்துக்குள் பழையபடி இறங்கியதையும் 2023-இல் பார்த்தார்கள்.

என் அனுபவம் ஒன்று. இரவு முழுக்க இருட்டில், 50 டிகிரி சூட்டில், பைசல்ஃபைட்டில் (மெத்தில் உள்ள, இல்லாத சைட்டோசின்களைப் பிரித்துக் காட்ட உதவும் வேதிப்பொருள்) ஊறிய மாதிரிகளைக் காலையில் எடுத்து அளப்போம். நெருக்கடியில் இருந்தவர்கள், இல்லாதவர்கள் என்று இரண்டு வரிசைக் குழாய்கள். ஒரு முறை இரண்டுக்கும் நடுவே அப்பட்டமான வித்தியாசம் வந்தது. மூன்று வாரம் அதை நம்பியிருந்தேன். பிறகு அணுக்களின் எண்ணிக்கையைச் சரிபார்த்தால், ஒரு வரிசையின் இரத்தத்தில் நியூட்ரோஃபில் என்ற ஒரு வகை வெள்ளணுக்கள் அதிகம். வெவ்வேறு அணுக்களுக்கு மெத்தில் வெவ்வேறாகத்தான் இருக்கும். நான் அளந்தது நெருக்கடியே இல்லை, அணுக்களின் கலவை. எச்சிலிலும் வாயின் மேல்தோல் செல்களும் வெள்ளணுக்களும் கலந்தே வருகின்றன. ஈறு வீங்கியிருந்தால் அந்தக் கலவை மாறும்.

இரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம் மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். எதனால் அழுத்தம் என்று எழுதியிருந்தால் அதற்கும் பதில் சொல்லியிருப்பேன். அடுத்த முறை எழுதுங்கள்.