வேலூரில் கடலே இல்லை, பிளாஸ்டிக் செக்ஸ்டன்ட் வாங்கிப் பழக முடியுமா?

தாராளமா முடியும். செக்ஸ்டன்ட் என்பது கடலில் தான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க மாலுமிகள் பயன்படுத்தும் கருவி, அது அளப்பது சூரியனுக்கும் தொடுவானத்துக்கும் இடையே உள்ள கோணத்தை. நம்ம ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான், நேர்கோடாகத் தொடுவானம் கிடைக்காது. அதனால் ஒரு தட்டில் கறுத்த பழைய என்ஜின் ஆயிலை ஊற்றி, காற்று படாத மூலையில் வையுங்கள். அதில் தெரியும் சூரியனோடு வானத்துச் சூரியனை ஒட்டவைத்தால் வரும் கோணம், சூரியன் நிற்கும் உயரக் கோணத்தைப் போல இரு மடங்கு. வானத்துச் சூரியன், ஆயிலில் தெரியும் சூரியன் இரண்டுக்கும் கருவியில் கறுப்புக் கண்ணாடி போடாமல் பார்க்கவே கூடாது, கண் போய்விடும்.

இதில் ஒரு சிக்கல், கருவி 120 பாகை வரைதான் அளக்கும். வேலூர் கிட்டத்தட்ட 13 பாகை வடக்கே இருப்பதால் மார்ச்சில் உச்சிச் சூரியன் 77 பாகையில் நிற்கும், இரு மடங்கு 154, எட்டவே எட்டாது. டிசம்பர் கடைசியில் 54 பாகைக்கு இறங்கிவிடும், அப்போது உச்சி வேளையிலேயே அளக்கலாம். உச்சிச் சூரியன் 60 பாகைக்கு மேல் ஏறும் மாதங்களில் காலையோ சாயங்காலமோதான்.

டேவிஸ் மார்க் 15 மாதிரி பிளாஸ்டிக் கருவி பழக நல்லதுதான், ஆனால் சூட்டில் நெளியும், அதுவும் நம்ம ஊர் வெயிலில் சொல்லவே வேண்டாம். ஒரு கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) தப்பினால் கடலில் ஒரு மைல், அதாவது 1852 மீட்டர் தப்பும். ஆகவே ஒவ்வொரு முறையும் பூஜ்யத்தில் வைத்து, தூரத்து மலைப் பாறை ஒன்றைப் பாருங்கள். இரண்டாகத் தெரிந்தால், ஒன்றாகச் சேரும் வரை திருகி, அங்கே காட்டும் பிழையைக் குறித்துக்கொள்ளுங்கள். அளந்த கோணத்தில் அந்தப் பிழையை முதலில் சரிசெய்துவிட்டு, அப்புறம்தான் அதைப் பாதியாக்க வேண்டும்.