உப்பை நிறுத்தலாமா, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: வயது 34. பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எனக்கு பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறி ஏறியும் இறங்கியும் மாறும் நோய்) என்று இரண்டு வருடங்களுக்கு முன் சொன்னார்கள். அதற்கு லித்தியம், ஓலான்சபைன் என்ற இரண்டு மாத்திரைகள் சாப்பிடுகிறேன். மனசு இப்போது நிலையாக இருக்கிறது. ஆனால் 58 கிலோ இருந்தவள் 74 கிலோ ஆகிவிட்டேன். உயரம் 157 செ.மீ. முன்பெல்லாம் எந்தப் பார்ட்டி எவ்வளவு பாக்கி என்று பார்க்காமலே சொல்வேன். இப்போது பில்லைப் பார்த்துவிட்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்புவதற்குள் தொகை மறந்துபோகிறது. “எல்லாம் சோம்பேறித்தனம், அந்த மாத்திரையைத் தூக்கிப் போடு” என்கிறார் மாமியார். தோழி ஒருத்தி உப்பில்லாத டயட் சொல்லியிருக்கிறாள். திங்கட்கிழமை தொடங்கட்டுமா?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: தொடங்காதீர்கள், அம்மா. மற்றதையெல்லாம் பிறகு பேசுவோம். உப்பு விஷயம் அவசரம். உப்பைத் திடீரென்று குறைத்தால், சிறுநீரகம் இருக்கிற சோடியத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதோடு லித்தியத்தையும் பிடித்துவைத்துவிடும். ரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகலாம். கை பலமாக நடுங்குவது, வாந்தி, பேதி, நடை தள்ளாடுவது, நாக்குக் குழறுவது எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அமெரிக்காவில் 1940களில் உப்பைக் குறைக்கச் சொன்ன இதய நோயாளிகளுக்கு, உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடை விற்றார்கள். சிலர் இறந்தே போனார்கள். 1949இல் அதன் விற்பனையை நிறுத்தினார்கள். அதே ஆண்டில்தான் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மனநல டாக்டர், மேனியாவுக்கு (மனம் அளவுக்கு மீறிக் கொந்தளிக்கும் நிலைக்கு) லித்தியம் உதவுவதை எழுதினார். மருந்து ஒன்றுதான், அளவுதான் வேறு. பட்டினி விரதமும் வேண்டாம். உடம்பு வலிக்கு டைக்ளோபினாக், இபுபுரூபன் என்று நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அவையும் லித்தியத்தை ஏற்றும்.

மாமியார் சொல்வதில் ஒன்று சரி: எடைக்கு மாத்திரையும் காரணம். ஓலான்சபைன் பசியைக் கிளப்பிவிடும். லித்தியம் தாகத்தைக் கூட்டும். அந்தத் தாகத்துக்குச் சர்க்கரை போட்ட டீயும் ஜூஸும் குடித்தால் எடை இன்னும் ஏறும். ஆனால் ‘சோம்பேறித்தனம்’ என்ற சொல்லை நான் ஏற்கவே மாட்டேன். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் பழைய கொந்தளிப்பு திரும்பிவரும் ஆபத்து அதிகம்.

இனி மறதி. பைபோலார் உள்ள பலருக்கு, மனநிலை சரியாக இருக்கும் காலத்திலும் கவனமும் நினைவும் கொஞ்சம் மந்தமாகவே இருக்கும். அவர்களில் எடை கூடியவர்களுக்குக் கவனமும் வேகமும் இன்னும் குறைவதைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எது எதற்குக் காரணம் என்று அவற்றை வைத்து முடிவு கட்ட முடியாது. அதனால் எடை இறங்கினால் மறதி போய்விடும் என்று உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஆனாலும் உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உங்கள் பி.எம்.ஐ. 30, இந்தியர்களுக்கு 25 என்றாலே உடல் பருமன். சர்க்கரை, கொழுப்பு இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

எனக்கு முதல் சந்தேகம் தைராய்டு மேல். லித்தியம் அதை மந்தமாக்கலாம், பெண்களுக்கு இன்னும் அதிகமாக. எடையும் ஏறும், மறதியும் வரும். தைராய்டு எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கூடவே லித்தியம் அளவும்: கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுக்கவேண்டும். குறட்டை உண்டா என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபட்டாலும் பகலில் தலை தெளியாது.

என்னிடம் வருகிறவர்கள் எடையைப் பற்றி வாய் திறக்கவே வருடங்கள் ஆகின்றன. நீங்கள் தயங்காதீர்கள். ஓலான்சபைனுக்குப் பதிலாக எடை அதிகம் ஏற்றாத மருந்துக்குப் படிப்படியாக மாற்றலாம். சிலருக்கு மெட்பார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையைச் சேர்ப்பதும் உண்டு. அதை உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும். மாதாமாதம் எடையைக் குறித்து எடுத்துப்போங்கள். “ஞாபகம் சரியில்லை” என்று பொதுவாகச் சொல்லாமல், பில்லிலிருந்து கம்ப்யூட்டருக்குத் திரும்புவதற்குள் தொகை மறக்கிறது என்று எனக்கு எழுதியபடியே அவரிடமும் சொல்லுங்கள்.