நோயின் அடையாளமே இல்லாமல் மீன்கள் ஏன் சாகின்றன?

தென்னாப்பிரிக்காவின் லெனேசியாவிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: 60 லிட்டர் தொட்டி, பத்து நாளில் நான்கு கப்பி மீன்கள் செத்துப்போய்விட்டன, உடம்பில் புள்ளியோ புண்ணோ இல்லை. தண்ணீரை ஒரு ராத்திரி வாளியில் வைத்த பிறகுதான் மாற்றுகிறீர்கள்.

எனக்கு உறுத்துவது அந்த வாளிதான். வெறும் குளோரின் என்றால் பெரும்பாலும் ஒரு நாளில் பறந்துவிடும். ஆனால் ஜோகன்னஸ்பர்க் பக்கம் தண்ணீர் தரும் ராண்ட் வாட்டர் நிறுவனம் குளோரமினும் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) பயன்படுத்துகிறது. அது அவ்வளவு சீக்கிரம் போகாது. செவுள் வழியாக ரத்தத்தில் ஏறி, ஆக்சிஜன் சுமக்கும் திறனையே கெடுத்துவிடும். சாதாரணக் குளோரின் நீக்கி குளோரமினை உடைத்தாலும் அம்மோனியா மிஞ்சும். இரண்டையும் கட்டுப்படுத்தும் மருந்தா என்று புட்டியில் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம், மின்வெட்டு உண்டா? ஃபில்டர் நான்கு மணி நேரம் நின்றால், அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாமல் சாகத் தொடங்கும். ஒருமுறை என் ஃபில்டர் பஞ்சு அழுகின முட்டை நாற்றம் அடித்தது. மறுநாள் காலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. பஞ்சைக் குழாயடியில் கழுவவே கூடாது, தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள்.

இன்றைக்கே தொட்டித் தண்ணீரைச் சொட்டு மருந்துச் சோதனை செய்து அம்மோனியா, நைட்ரைட் (அம்மோனியாவிலிருந்து பாக்டீரியா உண்டாக்கும் நச்சு) பாருங்கள். இரண்டும் 0 இருக்க வேண்டும். இல்லையென்றால் கால்வாசித் தண்ணீர் மாற்றி, இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். கடைக்காரர் நீட்டும் நோய் மருந்தை இப்போது ஊற்ற வேண்டாம்.