ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் அக்கா

கேள்வி: எனக்கு வயது 46. நவீன நடனம் சொல்லிக்கொடுக்கிறேன், நடனமும் அமைக்கிறேன். ஏழு வருடம் என்னிடம் கற்ற மாணவி சொல்லாமல் கொள்ளாமல் விலகி, தனியாக வகுப்பு தொடங்கிவிட்டாள். நான் அமைத்த நடனங்களையே அங்கே சொல்லித்தருகிறாளாம். எனக்கோ முழங்கால் வலி. நிர்வாகத்தை எல்லாம் அக்கா பார்த்துக்கொள்கிறாள், அதில் பிரச்சினை இல்லை. ஒத்திகையில் நடுவே எனக்கு மறந்துபோனால்கூட ஸ்டூலில் இருந்தபடியே எடுத்துக்கொடுத்துவிடுவாள். ஆனாலும் மனசு விட்டுப்போச்சு. வகுப்பை மூடிவிட்டு, நடனம் அமைப்பதோடு நின்றுகொள்ளலாமா?

பதில்: நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே கொடுத்திருக்கிறேன். மூன்று பக்கம் அந்த மாணவியைப் பற்றியது. அதற்கு ஆறுதல் சொல்ல எனக்கு நேரமில்லை. அமெரிக்க நவீன நடனத்தின் முன்னோடி மார்த்தா கிரஹாம், டெனிஷான் என்ற நடனப் பள்ளியில் பயின்று வெளியே வந்தவர். அவர் குழுவில் 1939 முதல் 1945 வரை ஆடிய மெர்ஸ் கன்னிங்ஹாம் பிரிந்துபோய் 1953-ல் சொந்தக் குழு தொடங்கினார். அதில் ஆடிய பால் டெய்லர் அடுத்த வருடமே தனிக்கடை விரித்தார். நவீன நடனம் வளர்ந்ததே இப்படி விலகிப்போனவர்களால்தான். நீங்களும் யாரோ ஒருவரிடமிருந்து விலகி வந்தவர்தானே?

முழங்காலும் ஒரு காரணம் இல்லை. இன்னொரு அமெரிக்க முன்னோடி டோரிஸ் ஹம்ஃப்ரி இடுப்பு மூட்டு வலியால் 1940-களின் நடுவில் மேடையை விட்டார். அப்புறம்தான் தன் மாணவர் ஹோசே லிமோனின் நடனக் குழுவுக்குக் கலை இயக்குநரானார். 1958-ல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். வகுப்பை மூடலாமா என்றால், கூடாது. நடனத்தைத் தாளில் அமைக்க முடியாது, பழகிய உடம்புகள் வேண்டும். அவை உங்கள் வகுப்பிலிருந்துதான் வருகின்றன.

சரி, இப்போது அக்கா.

'அதில் பிரச்சினை இல்லை' என்று தாண்டிப்போய்விட்டீர்கள். எனக்கு அங்கேதான் பிரச்சினையே தெரிகிறது. கடைசிப் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: காலையில் கதவு திறந்து, தரையைத் துடைத்து, கட்டணம் வாங்கி எழுதிவைத்துவிட்டு, பாட்டுப் பெட்டி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவாள். ஒரு விரல் எப்போதும் பொத்தான் மேலேயே இருக்கும். நீங்கள் தடுமாறினால் பாட்டை நிறுத்தி, "ஆறாம் எண்ணிக்கையில் திரும்பினாய், இடது கையைக் கீழே விட்டாய்" என்பாள். பன்னிரண்டு வருடமாக. அவள் சம்பளம் என்ன என்று கடிதத்தில் தேடினேன், கிடைக்கவில்லை.

நடனக் குழுக்களில் அந்த ஸ்டூலுக்கு ஒரு பதவிப் பெயர் உண்டு, ஒத்திகை இயக்குநர். நடனத்தை நினைவில் வைத்திருந்து, ஆடுபவர் மாறினாலும் அது மாறாமல் பார்த்துக்கொள்பவர். உங்கள் அக்கா அதோடு கணக்கர், காவல்காரர், துப்புரவுப் பணியாளர். ஹம்ஃப்ரியையும் லிமோனையும் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு பாலின் லாரன்ஸைத் தெரியும்? ஹம்ஃப்ரியும் சார்ல்ஸ் வைட்மனும் நடத்திய குழுவுக்கு பியானோ வாசித்து, உடை வடிவமைத்து, நிர்வாகமும் பார்த்தவர் அவர். லிமோனை மணந்த பிறகு அவர் குழுவுக்கும் உடை செய்தார். உங்கள் வீட்டிலும் ஒரு பாலின் உருவாகிக்கொண்டிருக்கிறாள்.

குடும்பத்துக்குள் கணக்கு பார்க்கக் கூடாது என்பீர்கள். நான் பார்த்தவரை அந்த வசனத்தைச் சொல்பவர் வாங்கிக்கொள்ளும் பக்கத்தில்தான் இருப்பார். கூடப்பிறந்தவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல், மாணவி நன்றி மறந்தாள் என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

இன்னொன்று. நடனங்கள் உங்களுடையவை என்கிறீர்கள். எழுதிவைத்த குறிப்பு இல்லை, வீடியோவும் இல்லை என்றும் சொல்கிறீர்கள். நடன அசைவுகளைக் குறிகளால் தாளில் எழுதும் முறையை நடன ஆசிரியர் ருடால்ஃப் லபான் 1928-லேயே வெளியிட்டுவிட்டார். நடன அமைப்பாளர் ஹன்யா ஹோம் 1952-ல் அந்தக் குறியீட்டில் எழுதிக்கொடுத்துத்தான் தன் நடன அமைப்புக்குப் பதிப்புரிமை பதிந்தார். கிரஹாம் இறந்த பிறகு அவர் நடனங்கள் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு வந்தது. பெரும்பாலானவை அவருடைய வாரிசுக்கு இல்லை, அவர் வேலை பார்த்த மையத்துக்கே என்று 2002-ல் அமெரிக்க நீதிமன்றம் சொன்னது. உங்களுக்கு அப்படி ஒரு தகராறு வந்தால் ஒரே சாட்சி ஸ்டூலில் இருப்பவள்தான். நாளைக்கு அவளும் எழுந்து போய்விட்டால்?

இந்த மாதமே சம்பளம் பேசுங்கள். அடுத்த நிகழ்ச்சியின் அழைப்பிதழில் 'ஒத்திகை இயக்குநர்' என்று அச்சடியுங்கள். வாரம் ஒரு நாள் இருவரும் உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், ஒத்திகையை வீடியோவும் எடுங்கள். தரையை இனி நீங்கள் துடையுங்கள், குனிய முடியாவிட்டால் ஆள் வையுங்கள்.

அப்புறம் எனக்கு மறுபடி எழுதுங்கள். இந்தக் கடிதத்தில் மாணவியின் பெயர் பதினொரு இடத்தில் வருகிறது. அக்காவின் பெயர் என்னவென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.