எண்ணெய் விலை சரியும்போது, எண்ணெய் விற்கும் நாட்டில் விலைவாசி ஏன் ஏறுகிறது?

இதற்கான விடை பெரும்பாலும் நாணய மாற்று விகிதத்தில் இருக்கிறது. ஏற்றுமதி வருவாயில் பெரும்பங்கைக் கச்சா எண்ணெயிலிருந்தே பெறும் நைஜீரியாவை எடுத்துக்கொள்வோம். 2014-இன் நடுவில் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேலிருந்த விலை 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே இறங்கியதால் டாலர் வரத்து சுருங்கியது. ஆயினும் மத்திய வங்கி, டாலருக்கு 200 நைராவுக்குச் சற்றுக் குறைவான விகிதத்தை 2016 ஜூன் வரை பிடிவாதமாகக் காத்ததோடு, அரிசி உள்ளிட்ட 41 வகை இறக்குமதிகளுக்கு அதிகாரபூர்வச் சந்தையில் டாலர் கிடைப்பதையும் 2015-இல் நிறுத்தியது. இறக்குமதியாளர்கள் கள்ளச்சந்தையில் கூடுதல் விலைக்கு டாலர் வாங்கினர். அந்தச் சுமை நுகர்வோர் தலையில் விழுந்தது. சுத்திகரிப்பு ஆலைகள் சரிவர இயங்காததால், கச்சா எண்ணெயை விற்கும் அந்நாடு பெட்ரோலை இறக்குமதி செய்துகொண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. 2016 மே மாதம் அதன் உச்சவரம்பு விலை லிட்டருக்கு 145 நைராவாக உயர்த்தப்பட்டது. பின்னர் நைராவின் மதிப்பும் சரிந்தது. அவ்வாண்டின் இறுதியில் பணவீக்கம் 18 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. விகிதத்தை முன்பே படிப்படியாகத் தளர்த்தியிருந்தால் அதிர்ச்சி குறைந்திருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

1986 முதல் டாலருக்கு 3.75 ரியால் என்று நிலைநிறுத்தியுள்ள சவூதி அரேபியாவில், பெரும் அந்நியச் செலாவணிக் கையிருப்பு இத்தகைய வீழ்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது. அங்கே சிக்கல் எண்ணெய் விலை ஏறும்போதுதான் எழுகிறது: 2008-இல் எண்ணெய் வருவாயால் அரசுச் செலவு பெருகி வாடகை உயர, உலக உணவு விலையேற்றமும் சேர்ந்துகொள்ள, ரியால் டாலரோடு பிணைக்கப்பட்டிருப்பதால் அமெரிக்க வட்டி விகிதத்தை ஒட்டியே நடக்கவேண்டிய, எனவே வட்டியைத் தன் விருப்பப்படி உயர்த்தி விலையேற்றத்தை அடக்க இயலாத அந்நாட்டில் பணவீக்கம் ஏறத்தாழ 10 சதவீதத்தை எட்டியது.